சாமானோடு வந்த வீணை

என் கல்யாணத்துக்கு அப்பச்சி, அதாவது என் அப்பா, சீராக வைத்த சாமான்களில் ஒரு வீணையும் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் வீணை தெரியாது. நான் வாழ்க்கைப்பட்ட கண்டனூர் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஊர் நாச்சியாபுரத்தில், எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில், பெண்ணுக்குக் கிராமபோன் பெட்டி வைத்திருந்தார்கள். சாமான் பரப்பிய அன்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்று அப்பச்சி தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பி வீணை வாங்கினார். பித்தளை அண்டாக்களுக்கும் வெண்கலப் பானைகளுக்கும் நடுவில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து அதைப் படுக்க வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். பெண் வாசிக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினாலு வயசு. எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பதினெட்டு வருஷம் அது மாடியில் சாமான் அறையில் கிடந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு முன்னால், எல்லாவற்றையும் கீழே இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்போம். வீணையின் மேல் வரிசையாகப் பித்தளை மெட்டுகள் இருக்கும், விரல் வைத்து அழுத்துகிற இடம். அவற்றையும் விடவில்லை. வேலைக்காரப் பெண்கள் புளியும் தேங்காய் நாரும் வைத்து இருபத்துநாலு மெட்டையும் அண்டாவைத் தேய்ப்பது போலத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காய வைப்பார்கள். மெட்டுகளைத் தாங்கி நிற்பது மெழுகு என்று எங்களில் யாருக்குத் தெரியும்? மெழுகு இளகி மெட்டெல்லாம் கோணிக்கொண்டது. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவள் நான்தான். பளபளப்பு போதாது என்று அந்தப் பெண்களைத் திட்டியும் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மலாயாவில், ஈப்போவில் கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவார், நாலு மாசம் இருப்பார், போய்விடுவார். எங்களுக்கு ஒரே மகன். இருபத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் சேர்ந்து இருந்தது இரண்டரை வருஷம் தேறாது. அவருக்குப் பொய்யாகப் பாராட்ட வராது. விருந்தாளிகள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே, “கொழம்புல உப்பு தூக்கல்” என்பார். புதுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால், “இந்தக் கலரு ஒனக்கு எடுக்கல” என்பார். கல்யாணமான புதிதில் இந்த மனிதரைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் பக்கத்தில் சாப்பாடானாலும் நகையானாலும் பிள்ளையானாலும் பார்த்தவுடன் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. நாள் ஆக ஆக அந்த வார்த்தையின் பேரில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவர் எப்போதாவது ஒரு முறை “நல்லாருக்கு” என்பார். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவாது.

அறுபத்தாறில் அவர் வந்திருந்தபோது சாமான் தேய்க்கிற நாள் வந்தது. வெயிலில் கிடந்த வீணையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். ஈப்போவில் ரேடியோவில் கச்சேரி கேட்டுப் பழகியவர். கோணிப்போன மெட்டுகளைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“புளி போட்டா தேச்சீக? இதுல சத்தம் வருமான்னு இத்தன வருசத்துல ஒருத்திக்காவது தோணலையா?”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயசு. மகன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். “வரவச்சுக் காட்டுறேன், பாருங்க” என்றேன், வீம்புக்குத்தான்.

“காட்டு. நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்லுறேன். இல்லாட்டி அதையும் சொல்லுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறப்புடாது.”

அவர் கப்பல் ஏறிய பிறகு வீணையைத் தஞ்சாவூருக்கு அனுப்பிப் புது மெழுகு போட்டு, புதுக் கம்பி மாட்டி வாங்கினேன். செக்காலையிலிருந்து ஒரு டீச்சர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பஸ்ஸில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள், இருபத்திரண்டு வயசு, என்னைவிடப் பத்து வயசு சின்னவள். என்னை “ஆச்சி” என்பாள், நான் அவளை “டீச்சர்” என்பேன். உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அவளோ இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

முப்பத்திரண்டு வயசில் விரல் வளையாது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆட்டுக்கல்லும் அம்மியும் பிடித்த கைக்கு அழுத்தத் தெரியும், இழைக்கத் தெரியாது. இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி பதிந்து தோல் கிழிந்தது. அந்த விரலோடு புளி கரைத்தால் உயிர் போகும். முதல் ஆறு மாசம் ஸரிகமபதநி, ஏறுவதும் இறங்குவதும்தான். டீச்சர் வாசித்தால் வீணை பேசுகிற மாதிரி இருக்கும். நான் வாசித்தால் வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டுகிற மாதிரி இருக்கும். எப்படி இருந்தது என்று கேட்டால், “பரவாயில்ல ஆச்சி, வந்துரும்” என்பாள். மூன்று வருஷமும் அதே வார்த்தை. நான் கொடுத்த சம்பளத்தில் அவளும் அவள் அம்மாவும் சாப்பிட்டார்கள், அவளால் வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டில் எங்களோடு என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம் இருந்தது. எங்களில் கல்யாணம் ஆனதும் தனி உலை வைத்துவிடுவார்கள். வீடு ஒன்று, அடுப்பு வேறு. ஆனால் வாசல்கள் எல்லாம் நடு முற்றமான ஒரே வளவைப் பார்த்துத்தான் திறக்கும், அதனால் சத்தத்துக்குப் பிரிவினை இல்லை. அண்ணன்காரரான பெரியவரோடு நான் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் சொல்வது அவர் மனைவி வழியாக வரும். அவளை நான் ஆச்சி என்று கூப்பிடுவேன், வீட்டில் அவள் பெரியாச்சி. “தகரத்த இழுக்குற மாதிரி இருக்காம், கதவச் சாத்திக்கிறச் சொன்னாக” என்று வந்து சொல்வாள். “ஒங்களுக்கு எப்படி இருக்கு ஆச்சி?” என்று கேட்டால், பயறு புடைத்துக்கொண்டே, “எனக்கென்ன, நல்லாத்தேன் இருக்கு” என்பாள். கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். மாடியில் புழுக்கம் தாங்காது. வேர்வை சொட்டி வீணைக் குடத்தில் விழும்.

இதற்கு நடுவில் தீட்டு. பங்காளிகள் ஏகப்பட்ட பேர். பினாங்கில் ஒருவர், சென்னையில் ஒருவர், பக்கத்துத் தெருவில் ஒருவர் என்று இறந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் வீணையை மூடி வைக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது விரல் மறந்திருக்கும். எங்களில் இதற்கு ஒரு வசதி உண்டு. சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. விசேஷ வீடு என்றால் சேதியை அடக்கி வைத்து, விசேஷம் முடிந்த பிறகு சொல்வார்கள். ஒரு சனிக்கிழமை பெரியாச்சி அழுத முகத்தோடு மாடிப்படி ஏறி வந்தாள். பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. “இப்ப ஒண்ணும் சொல்லாதீக ஆச்சி. டீச்சர் பஸ் ஏறட்டும், அப்புறம் சொல்லுங்க” என்று வாசலிலேயே நிறுத்தினேன். கீழே எண்பது வயசுக் கிழவர் ஒருவர் இறந்த சேதி காத்திருந்தது. மேலே நான் ஜண்டை வரிசைப் பாடத்தை வாசித்து முடித்தேன். அன்று அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

அறுபத்தொன்பதில் பெரியவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் வீட்டுக்காரர் எழுதினார்: கல்யாணத்துக்கு வருகிறேன், கப்பலுக்குச் சொல்லியாயிற்று, வீணையைத் தயாராக வை. நான் மோகனத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டேன். பல்லவி, அனுபல்லவி, சரணம், கடைசியில் டீச்சர் எழுதிக்கொடுத்த கொஞ்சம் ஸ்வரம். எட்டு மாசம் அந்த ஒன்றைத்தான் வாசித்தேன். சரணத்தில் ஓரிடத்தில் கம்பியை இழுத்து மேலே போய் நின்று இறங்க வேண்டும். பத்து தடவை வாசித்தால் ஆறு தடவை வரும். அவர் முன்னால் அந்த ஆறில் ஒன்றாக அமைய வேண்டும் என்று கோயிலூரில் அம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியது கைதட்டல் இல்லை. அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. நல்லாருக்கு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. அது நிஜமாக இருக்கும். மூன்று வருஷம் வலித்த விரலுக்கு ஒரு நிஜமான பதில் கிடைக்கும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியாச்சி வந்து, “கப்பல் தாமசமாம். கல்யாணம் முடிஞ்சுதேன் வருவாகளாம், தந்தி வந்துச்சு” என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

தந்தி வந்தது நிஜம். கப்பல் பொய். அவர் ஈப்போவில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, அங்கேயே தகனமும் ஆகிவிட்டிருந்தது. தந்தியைப் பெரியவர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கூடப்பிறந்த தம்பி. அழவும் முடியாமல், பந்தக்கால் ஊன்றுகிற ஆட்களை விரட்டிக்கொண்டு நடந்தார். கல்யாணம் நின்றால் அந்தப் பெண்ணை ராசியில்லாதவள் என்பார்கள், மறுபடி மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இந்த மனிதர் இந்தத் தடவையும் நேரத்துக்கு வரவில்லை. அவ்வளவு கோபம் வந்தது. அன்று வளவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவரைத் திட்டினேன். “இருபது வருசமா இதே கததேன், அவுகளுக்குக் கடதேன் பெரிசு” என்றேன். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் வாய்க்குப் பயந்து பேசாமல் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, முடிந்தது. மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது பெரியாச்சி என்னைத் தேடி வந்தாள்.

“சாயங்காலம் முகப்புல நீ வீண வாசிக்கணுமாம். அவுக சொல்றாக.”

எனக்கு நம்ப முடியவில்லை. மூன்று வருஷமாகக் கதவைச் சாத்தச் சொன்னவர்.

“எங்க வீட்டவுக வந்தப்புறம் வாசிச்சுக்கிறேன் ஆச்சி. இப்ப எதுக்கு?”

“மாப்பிள்ள வீட்டுக்காரக பாக்கணும்ல. தட்டாம வாசி. ஒன்னையக் கும்பிட்டுக் கேக்குறேன்” என்று நிஜமாகவே கையைக் கூப்பினாள். வயசில் மூத்தவள் கும்பிட்டால் என்ன செய்வது? சரி என்றேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. கடைசியில் இவர்களுக்கும் என் வீணை வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தலை நிறையப் பூ வைத்துவிட்டாள், அவளே குங்குமம் எடுத்து என் நெற்றியில் பெரிதாக இட்டாள்.

காரணம் இதுதான். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த ஒருவர் முந்தின நாள்தான் மலாயாவிலிருந்து வந்திருந்தார். ஈப்போவில் இப்படி ஒரு சாவு என்று காதில் விழுந்ததாக அவர் பந்தியில் பேச்செடுத்திருக்கிறார். அந்தப் பேச்சு பரவுவதற்கு முன்னால் அதை அடைக்க வேண்டும். பூவும் குங்குமமுமாக நான் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து வீணை வாசித்தால், அந்த வீட்டில் சாவு இருக்கிறது என்று யார் நம்புவார்கள்? யோசித்தவர் பெரியவர்தான். நல்ல யோசனைதான், பலித்தது. அந்தப் பெண் இன்று பேரன் பேத்தியோடு இருக்கிறாள்.

வீட்டின் முன்கூடமான முகப்பில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். டீச்சரும் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டாள். நான் யாரையும் பார்க்கவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, மற்றவர்கள் கேட்டு என்ன என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அனுபல்லவி போகும்போது தற்செயலாக நிமிர்ந்தேன். பெரியாச்சி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் வரிசையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நாற்காலியில் இருந்த பெரியவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார், தோள் குலுங்கியது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் வாசிப்பு இந்தக் கல் மாதிரி மனிதரை அழவைக்கிறதே! சரணத்தில் அந்த இடத்துக்கு வந்தேன். கம்பியை இழுத்தேன். வந்ததா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை, அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரின் தாளம் ஓரிடத்தில் நின்றுபோய் மறுபடி ஆரம்பித்தது. முடித்ததும் எல்லாரும் “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்றார்கள்.

அடுத்த இரண்டு நாள் நான் நடந்த நடையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த பலகாரத்தைப் பங்கு வைத்துக்கொண்டே, “பெரியவுகளே அழுதுட்டாக, பாத்தீகளா” என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். அவருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். நீங்கள் வராமல் போனீர்கள், ஊரே அழுதது, நஷ்டம் உங்களுக்குத்தான் என்று எழுதி, வந்து இறங்கியதும் கையில் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் கார் வந்து நின்றது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்த என் மகன் இறங்கினான். பரீட்சை என்று கல்யாணத்துக்கே வராதவன். கூடப் போய் அழைத்து வந்த பங்காளிகள் இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வளவில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். ஒருவர்கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, இவர்கள் இந்த அழுகையை ஏற்கெனவே ஒரு தடவை, முகப்பில், என் முன்னால் அழுதிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பூவை எடுத்தார்கள், தாலியை எடுத்தார்கள், துக்கம் கேட்கப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒரு வருஷம் நான் வீட்டுப்படி தாண்டவில்லை. பெரியவர் ஒரு நாள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னோடு நேரே பேசினார். “எங்கள மன்னிச்சுக்கிறணும். வேற வழி தெரியல” என்றார். என் சௌகரியத்துக்காக ஒரு சாவை மாடிப்படியில் நிறுத்தி வைத்தவள் நான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்காக மன்னிக்க முடிந்ததா என்றால், முடியவில்லை. தாலியறுந்தவள் என்று தெரிந்தே எனக்குக் குங்குமம் இட்டு, விளக்கு மாதிரி நடுவில் வைத்தார்களே என்று இன்றும் வயிறு எரிகிறது.

ஆனால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு துக்கத்திலும், அன்று நான் வாசித்தது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் நினைக்கக்கூடிய நினைப்பா இது என்று என்னையே காறித் துப்பிக்கொள்வேன். ஆனாலும் போகவில்லை.

எழுபத்தொன்றில் டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருச்சிப் பக்கம் போகப் போகிறாள், சொல்லிக்கொண்டு போக வந்தாள். வெற்றிலை பாக்கு கொடுக்கக்கூட நான் கையை நீட்டக்கூடாத நிலை, தூரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் ஏதேதோ பேசினோம். பிறகு கேட்டேன்.

“டீச்சர், ஒண்ணு கேக்குறேன், இனிமே நீங்க என்கிட்ட சம்பளம் வாங்கப் போறதில்ல, அதுனால உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு நான் எப்படி வாசிச்சேன்? அந்தச் சரணம் வந்துச்சா?”

அவள் கைப்பையை மூடி ஓரமாக வைத்தாள்.

“எனக்குக் காலையிலயே சமையல்கட்டுல சொல்லிட்டாங்க ஆச்சி” என்றாள். “நீங்க வாசிச்சதை நான் கேக்கவே இல்ல. ஒங்க கழுத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பெரியாச்சி அவளுக்குக் காப்பி கொடுத்தாள். மூன்று மணி பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள்.

அந்த முகப்பில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் என் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாத மாப்பிள்ளை வீட்டார் நான் கட்டியிருந்த பட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நானோ அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் படித்து, ஒரே ஒரு நாள், இருநூறு பேர் நடுவில் உட்கார்ந்து வாசித்தேன். அதை யாருமே கேட்கவில்லை.